அன்சானில் மூன்றாம் மாடி

மன்னாரில் எங்கள் பள்ளிமுனையில் ஒரு படகு நேரத்துக்குக் கரை சேராவிட்டால் நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டோம். ஆளின் பெயர், படகின் நிறம், எந்தப் பக்கம் போனார் என்பதெல்லாம் பக்கத்து ஊர் தாராபுரம் வரைக்கும் சொல்லிவிடுவோம். யார் கண்ணிலாவது படட்டும் என்றுதான். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

என் கணவர் றொசாந்தன் கொரியாவில், அன்சானில் இருக்கிறார். தலைநகர் சியோலிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம். கடலை மறித்து நிரப்பிய நிலத்தில் தொழிற்சாலைகளாம். அவர் இருக்கும் தெருவில் பாதிப்பேர் வெளிநாட்டவராம், நம்மூர்க் கருவாடுகூட வாங்கலாமாம். விசா முடிந்து ஏழு மாதமாகியும் திரும்பாமல், ஒளிந்து ஒளிந்து வேலைக்குப் போய்வந்தார்.

மூன்று நாளாக அவருடைய போன் வேலை செய்யவில்லை. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொரியாவிலுள்ள இலங்கையரின் பேஸ்புக் குழுவில் அவருடைய படம், முழுப்பெயர், தெரு, பேக்கரிக்கு மேல் மூன்றாம் மாடி என்று எல்லாவற்றையும் போட்டேன். "ஆராவது போய்க் கதவைத் தட்டிப் பாருங்கோ" என்று கெஞ்சினேன். அரை நாளில் நானூறு பேர் பகிர்ந்தார்கள். விசா விஷயம் என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

மத்தியானம் புது இலக்கத்திலிருந்து அழைத்தார். பழைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம், அவ்வளவுதான். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன்.

"விலாசத்தையுமே போட்டனீ?" அவருடைய குரல் செத்துப்போயிருந்தது. "விசா இல்லாத ஆக்களைப் பிடிக்கிற இமிகிரேஷன்காரங்களும் அதைப் பாப்பாங்களடி."

"இப்பவே அழிச்சுப்போடுறன்" என்றேன். அதற்குள் அங்கே கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு தமிழ்க்குரல் கேட்டது.

"றொசாந்தன் அண்ணை, உங்கட மனுசி தேடுறா. திறவுங்கோ."

"எங்கட ஆள்தானே?" என்றேன்.

"கதைக்கிறதுக்கு எங்கட ஆக்களையும் கூட்டிக்கொண்டு வருவாங்கள்" என்று கிசுகிசுத்தார். பிறகு ஜன்னலை இழுக்கும் சத்தம் கேட்டது. போன வருடம் இப்படிக் குதித்து முதுகு முறிந்த கூட்டாளியைப் பற்றி அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"குதிக்காதேங்கோ! பிடிச்சாப் பிடிக்கட்டும், கதவைத் திறவுங்கோ. எனக்கு நீங்கள் உயிரோட வேணும்!"

பூட்டுத் திறந்தது. கொரிய மொழியில் பலர் ஒன்றாகப் பேசினார்கள். மாதாவே, என் கையாலேயே பிடித்துக் கொடுத்துவிட்டேன். இனி என் முகத்தில் விழிப்பாரோ தெரியாது. படியில் இறங்கும் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கும்வரை நான் மூச்சு விடவில்லை.