செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர்

மார்ச்சில் ரிப்பேருக்குப் போன நூலகக் கம்ப்யூட்டர் 2009 ஜூலையில்தான் கடலூரிலிருந்து திரும்பி வந்தது. அன்று செவ்வாய்க்கிழமை, பெண்கள் நேரம். ஒருத்தியும் வரவில்லை. சும்மா பார்ப்போமே என்று நூலகரான நானே ஸ்விட்சைப் போட்டேன். இன்டர்நெட் வந்ததும் சாட் பெட்டி தானாகத் திறந்தது. அர்ஃபாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அர்ஃபா இறந்து மூன்று மாதமாகியிருந்தது.

தப்பு என்னுடையதுதான். பரங்கிப்பேட்டையில் நெட் கடைகள் உண்டு. ஆண்கள் எட்டிப் பார்க்கும் இடத்துக்கு அவள் போகமாட்டாள், இங்கே வருவாள். சவூதியில், தம்மாமில் இருக்கும் புருஷன் ஹிதாயத்துல்லாவோடு இலவசமாக அரை மணி நேரம். ‘ஹிதாயத் எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று கீழே வரி வந்தாலே போதும், துப்பட்டியால் வாயைப் பொத்திச் சிரிப்பாள். பாஸ்வேர்டை மட்டும் வாராவாரம் மறந்துவிட்டு, "புஷ்பாக்கா, திட்டாதீங்க" என்று நிற்பாள். ஒருநாள் எரிச்சலில், இனி கேட்காமலே திறக்கும்படி செய்து வைத்தேன். பொதுக் கம்ப்யூட்டரில் அதைச் செய்யவே கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

டொக்கென்று சத்தம். திரையில் ஹிதாயத்தின் வரி: "அர்ஃபா? நீயா?"

மஞ்சள்காமாலையில் போனவளை அன்றைக்கே அடக்கிவிட்டார்கள். லீவு கிடைக்காத அவன் முகம்கூடப் பார்க்கவில்லை. நான் கம்ப்யூட்டரை அணைத்தால் அவள் இரண்டாம் முறை போனதாகிவிடும். என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்துத் தெருவிலிருந்த அவள் உம்மா அமீனா பீவிக்குப் போன் போட்டேன். மூச்சிரைக்க வந்தார்.

"பச்சையா எரியுதே, அதான் எம் புள்ளையா?"

"பேரு மட்டுந்தாம்மா."

"மாப்ள என்ன கேக்குறாரு?"

படித்துச் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ எழுதாதம்மா. நானே சொல்றேன், மாமி வந்திருக்கேன்னு. எழுத்தக் காட்டு."

ஆங்கில எழுத்தே தெரியாதவர். விரலைப் பிடித்து ‘எம்’ மேல் வைத்தேன். அழுத்தினார். ‘மாமி’க்கு இன்னும் மூன்று எழுத்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அங்கே, தம்மாமில், அவன் திரையின் கீழே இந்நேரம் வரி வந்திருக்கும்: அர்ஃபா எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அமீனா பீவியின் விரல் அடுத்த எழுத்தைத் தேடி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.