ஸ்ரீநாத் சொன்ன பட்டன்

வானகரத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்பும்போது, குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருவில் எங்கள் கார் சேற்றில் சிக்கிக்கொண்டது. அன்றைய பிரசங்கமே புத்தியுள்ள மனைவியைப் பற்றித்தான். என் கணவர் ஷெர்வின் சத்தமாக ஆமென் சொல்லியிருந்தார்.

ஆக்சிலரேட்டரை மிதித்தார். சக்கரம் வழுக்கியதும் இன்ஜின் அடங்கிப்போனது.

"டிராக்ஷன் கன்ட்ரோலை ஆஃப் பண்ணுங்க. சக்கரம் வழுக்குனா அதுதான் இன்ஜினை அடக்குது. சேத்துல மட்டும் அது வேணாம்" என்றேன். காரோடு வந்த புத்தகத்தை எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான்.

"உனக்கு என்ன தெரியும் ஃபெபி? சும்மா இரு."

வேடிக்கை பார்த்த ஒருவர், "இன்னா சார், வண்டி அதே எடத்துல நின்னுகினு கீது?" என்றார். ஷெர்வினின் முகம் கறுத்தது.

அவருடைய நண்பன் ஸ்ரீநாத்துக்கு எல்லாவற்றையும் மெசேஜில் எழுதி, தானே சொல்வதுபோல் சொல்லச் சொன்னேன். ஸ்ரீநாத்துக்குக் கார் ஓட்டவே தெரியாது.

போன் வந்தது. "சரி மச்சான்" என்று ஷெர்வின் பட்டனை அழுத்தினார். வண்டி மேலேறியது.

"பாத்தியா? விஷயம் தெரிஞ்சவன்கிட்ட கேக்கணும்."

பூந்தமல்லி சாலையில் மழை பிடித்துக்கொண்டது. வண்டி வேகமெடுத்தது.

"ரோடு வழுக்கும். இப்ப அதை ஆன் பண்ணிடுங்க."

"அவனே சொல்லல. நீ வாய மூடு."

பட்டன் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் போனை எடுத்து, மறுபடியும் ஸ்ரீநாத்துக்கு மெசேஜ் அடிக்கத் தொடங்கினேன்.