நிக்கலஸுக்கு நான் போட்ட எண்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குற்ற உணர்ச்சியிலிருந்து.

கொழும்பு வெள்ளவத்தையில் என் பிளாட்டில் இருந்தபடி, பிரபலங்களின் குணத்தை ஊகிக்கும் முகநூல் குழு ஒன்றை நடத்துகிறேன். மனிதரைக் குணவாரியாகப் பிரிக்க எங்களிடம் இரண்டு முறைகள்: எனியகிராமில் ஒன்பது எண்கள், சோசியோனிக்ஸில் பதினாறு வகைகள். பேட்டியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, கண்ணையும் கையையும் பார்த்து ஆளை ஒரு பெட்டிக்குள் போடுவோம். பிறகு வாக்கெடுப்பு. நடிகர், கிரிக்கெட்காரர் என்று ஒருவரையும் விட்டதில்லை.

2

(வெட்டிய தொடக்கம்:) கொட்டாஞ்சேனையில் ஒரு மழை நாளில் நிக்கலஸ்—

மழை பெய்யவில்லை. நிக்கலஸ் என்னோடு டியூஷனில் படித்தவன். இப்போது வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறான். கொழும்பில் பாதி ஓட்டோக்களில் அவன் சிரிப்புத்தான் ஓடுகிறது. குழுவில் அவன் பெயர் வந்ததும் ஏழு என்று எழுதினேன். ஏழு என்றால் உற்சாகப் பேர்வழி, எந்தக் கவலையும் ஒட்டாது.*

* சோசியோனிக்ஸில் போட்ட வகையை எழுத வெட்கமாக இருக்கிறது. அதற்கு நாலு பந்தியில் ஆதாரம் வேறு கொடுத்திருந்தேன்.

3

'துறைமுகக் காகம்' என்ற பெயரில் ஒருவர் மறுத்தார்: "அவர் ஏழு இல்ல, ஆறு. மைக்குக்கு முன்னால போக முந்தி ஒவ்வொரு நாளும் கை நடுங்கும். எனக்குத் தெரியும்."

ஆறு என்றால் பயந்த சுபாவம். நான் பதில் போட்டேன்: "தம்பி, அவரிட பேட்டிகள ஒழுங்காப் பாத்திட்டு வந்து கதையுங்கோ." அதற்கு நூற்றுப் பத்து லைக். வாக்கெடுப்பில் ஏழு வென்றது.

4

அடுத்த மாதம் நிக்கலஸின் மனைவி டோரின் எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, இவர் ஒரு கிழமையா வேலைக்குப் போகல. அறைய விட்டு வெளிய வாறாரில்ல."

"அவன் ஏழு, டோரின். ரெண்டு நாளில சரியாயிடுவான்."



"அந்தக் காகம் இவர்தான் அக்கா. நேர சொல்ல வெக்கம். உங்களுக்காவது விளங்கும் எண்டு எழுதினவர்."

5

டோரினை இவ்வளவு பொறுமைசாலியாக எழுதியது பொய். அவள் என்னைத் திட்டினாள். உங்கள் முன்னால் என் மானம் போகக்கூடாது என்று அதை வெட்டினேன். இதை எழுதும்போதுகூட, பிறருக்காகவே ஓடுகிறவள், அப்படியானால் இரண்டு, என்று மனம் அவளுக்கு எண் போடப் பார்க்கிறது. என்னை எனக்கே பிடிக்கவில்லை.

6

முடிவு ஒன்று: நிக்கலஸ் சிரித்தபடி கதவைத் திறக்கிறான். இது ஏழுக்கு எழுதியது.

முடிவு இரண்டு: கதவுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். இது ஆறுக்கு.

இரண்டையும் வெட்டிவிட்டேன். புறக்கோட்டையில் பஸ் மாறி கொட்டாஞ்சேனைக்கு வந்து, அவன் அறைக்கு வெளியே உட்கார்ந்து இதைப் போனில் எழுதுகிறேன். டோரின் தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது கதவைத் தட்டினேன்.

"யாரு?"

சிரிப்பில்லாத அவன் குரலை இன்றைக்குத்தான் கேட்கிறேன். அவனுக்கு நான் சொல்லவேண்டிய அடுத்த வரியை நீங்களே எழுதுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள், அவன் இன்னும் ஏதோ சொல்ல வருகிறான்.