மருதானையில் ஏற்றிய புரோகிராம்

கதிர்காமநாதன் வந்தால் பிறிஜெற் அலுமாரியைத் திறந்து பூப்போட்ட கோப்பையை எடுப்பாள். ஹியூபேட்டுக்கு வயிறு எரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வருகிற புருஷனுக்குக் காது உடைந்த மக். வெள்ளவத்தையிலிருந்து பவுடர் மணக்க வருகிற ஆளுக்குப் பூக்கோப்பை.

அந்த ஆள் மொழிபெயர்ப்பாளர். வெளிநாடு போகிற சனங்களின் பிறப்புச் சான்றிதழ்களை இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பார். கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தபடி பிறிஜெற் அவற்றை லப்டொப்பில் அடிப்பாள். லப்டொப்பும் அவர் தந்ததுதான். இரண்டு தலையும் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் குனிந்தபடி இங்கிலீஷில் பேசிச் சிரிக்கும்போது ஹியூபேட் வாசலில் நின்று நகத்தைக் கடிப்பான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போன நேரம், லப்டொப்பை அரிசிப் பையில் சுற்றி மருதானைக்குக் கொண்டுபோனான். கடைக்காரன் கண்ணடித்தபடி ஒரு புரோகிராமை ஏற்றிவிட்டான். “பயவென்ன எப்பா அய்யே, பயப்பட வேணாம், வீட்டு நோனாவுக்குத் தெரியாது. அவ அடிக்கிறதெல்லாம் இதில விழும்.” திரும்பி வருகிற வழியில்தான் ஹியூபேட்டுக்கு உறைத்தது: விழுவதெல்லாம் இங்கிலீஷில் விழும். அவனுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

அன்றிலிருந்து லப்டொப் இழுத்துக்கொண்டு கிடந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு அவள் சோற்றை வடித்து முடித்துவிடலாம், அவ்வளவு நேரம். இன்று காலை சிவப்பாய் ஓர் எச்சரிக்கையும் வந்து நின்றது. கதிர்காமநாதன் சீடியும் கையுமாக வந்து நெடுநேரம் தட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, இது சும்மா வைரஸ் இல்லை. நீர் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் களவா எழுதி வைக்கிற சாமான். அதாலதான் எழும்ப இவ்வளவு நேரம்.”

“யாரு போட்டது?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “தமிழற்றை மெஷினை ஆர் வேவு பாப்பினம்? நாங்கள் அடிக்கிறது முழுக்க யாழ்ப்பாணத்துச் சனத்தின்ரை பேரும் விலாசமும்.”

பிறிஜெற்றின் முகம் வெளுத்துப்போனது. ஹியூபேட் வாசலில் நின்று நகத்தைக் கடித்தான். கதிர்காமநாதன் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினார். “நான் இனி இஞ்சை வரக்கூடாது. உங்களுக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. தம்பி, கவனம்.”

அவர் படியிறங்கியதும் முதுகிலிருந்து மூட்டை இறங்கின மாதிரி இருந்தது ஹியூபேட்டுக்கு. தொலைந்தான்! தான் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை.

பிறிஜெற் கடதாசிக் கட்டுகளை அள்ளி அடுப்படியில் போட்டாள். கிழித்த நெருப்புக்குச்சி முறிந்தது. அடுத்ததும் முறிந்தது.

“கேளுங்க. சிஐடி வந்தா உங்களுக்கு ஒண்டும் தெரியாது. ஹாபரில வேலை செய்யிற தமிழன் எண்டா குண்டு வைக்க வந்தவன் எண்டுதான் எழுதுவாங்க. எல்லாம் நான் செஞ்சது. என்னைக் கொண்டுபோகட்டும்.”

ஹியூபேட் கட்டுகளை அடுப்படியிலிருந்து இழுத்தெடுத்தான். “ஒருத்தனும் வரமாட்டான்டி. அது நான் போட்டது.”

அவளுக்கு விளங்கவில்லை. மருதானைக் கதையை முழுதாய்ச் சொன்னான்.

“எதுக்கு?”

“உனக்கும் அந்தாளுக்கும் என்ன கதை எண்டு பாக்க.”

“பாத்தீங்களா?”

“இங்கிலீஷில கிடக்கு.”

நெருப்புப்பெட்டி அவன் நெஞ்சில் வந்து விழுந்தது. “மூட்டை தூக்கித் தூக்கி மூளையும் நசுங்கிப் போச்சு! ஓடுங்க. பஸ் ஏற முன்னம் பிடிங்க. அந்த மனுஷன் ராவைக்குக் கண் மூடாது. உங்கட வாயாலயே சொல்லுங்க.”

“நீ போன்ல...”

“நீங்க சொல்லணும். இல்லாட்டி நான் அம்மா வீட்ட போறன்.”

ஓடினான். பஸ் தரிப்பில் கதிர்காமநாதன் நின்றார். இவ்வளவு பயத்திலும் சேர்ட்டில் ஒரு சுருக்கம் இல்லை. அதைக் கண்டதும் வயிறு மறுபடியும் எரியத்தான் செய்தது. ஹியூபேட் பின்னால் போய்த் தோளைத் தொட்டான். அந்த மனிதர் திரும்பிப் பார்க்கவேயில்லை; கை தானாகவே சட்டைப்பையிலிருந்த அடையாள அட்டைக்குப் போனது. அட்டை வெளியே வந்தது.

“அண்ணே,” என்றான் ஹியூபேட். அதுவரை அவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. “ஐசியை உள்ள வையுங்க. நான்தான்.”