பதினாறாவது நண்டு

"செத்த நண்டுக்கும் கயிறு கட்டுவாங்களா நைனா?" என்று தசரதனின் ஏழு வயது மகள் இந்திராணி கேட்டாள்.

1984ஆம் வருஷம், தை மாதம். பழவேற்காடு ஏரிக்கரையில் தசரதன் நண்டுகளின் கொடுக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தான். அடையாற்றில் ஹமீது பாய் நடத்தும் மலேசிய ஓட்டலுக்குப் பதினாறு நண்டு, உயிரோடு வேண்டும். பதினாறாவது அசையவில்லை.

"சாகல. குளிர்ல மயங்கிக் கெடக்குது" என்றான் மகளிடம்.

கண்ணைத் தொட்டால் தெரிந்துவிடும். உயிருள்ள நண்டு கண்ணை மடக்கிக்கொள்ளும். அவன் தொடவில்லை. செத்த நண்டு வயிற்றுக்கு விஷம் என்று தெரிந்தும், கட்டி ஈரச் சாக்கின் அடியில் வைத்தான்.

ஹமீது பாய் பழவேற்காட்டுக்காரர். பினாங்கில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அன்றோடு ஓட்டல் திறந்து ஒரு வருஷம். மகளோடு வந்து பின்வாசலில் சாக்கை இறக்கி, காசுக்குக் காத்திருந்து வாங்கிக்கொண்டு கிளம்பியவனை அவர் போகவிடவில்லை.

"இன்னா தசரதா, ஓடப் பாக்கற? உன் நண்டு இங்க இன்னா ருசின்னு துன்னு பாத்திருக்கியா? பொண்ணக் கூட்டிக்கினு முன்னால வந்து குந்து."

"மேலெல்லாம் கவிச்சு அடிக்குது பாய்."

"அந்தக் கவிச்சுலதான்பா நானும் பொறந்தேன். குந்து."

வெள்ளைத் துணி விரித்த மேசை. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, நெத்திலிக் கருவாடு போட்ட காரச் சம்பால், குச்சியில் கோத்துச் சுட்ட கோழி.

"பங்களாக்காரங்களும் கருவாடு துன்றாங்க நைனா!" என்று இந்திராணி சிரித்தாள்.

அவன் இன்னும் தட்டில் கை வைக்கவில்லை. பக்கத்து மேசைக்குச் சிவந்த குழம்பில் நண்டு வந்திருந்தது. நிறைமாதக்காரி ஒருத்தியின் தட்டில் அவள் மாமியார் பெரிய கொடுக்காகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

சொன்னால் இந்த ஓட்டல் வாடிக்கை போய்விடும். பழையபடி கரை வியாபாரியின் வாசலில் நிற்க வேண்டியதுதான். தசரதன் எழுந்தான்.

"கொஞ்சம் பொறும்மா, கொதிக்குது" என்று அந்த நிறைமாதக்காரியிடம் சொல்லிவிட்டு, சமையலறைக்கு விரைந்தான். அங்கே அடுப்படியில் நின்றவள் பாயின் தங்கை ராபியா.

"அக்கா, வெளிய வெச்ச நண்டுத் தட்ட எடுத்துடுங்க. ஒரு நண்டு செத்தது. தெரிஞ்சேதான் கட்டினேன். பாய்கிட்ட நானே சொல்லிடறேன்."

ராபியா கரண்டியை நிறுத்தவில்லை.

"கயிறு அவுக்கும்போதே பாத்துட்டேன். குப்பையில போட்டாச்சு. என் வூட்டுக்குன்னு வெச்சிருந்ததுல ஒண்ண எடுத்து ஆக்கிட்டேன். அண்ணனுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். போ, புள்ள தனியா குந்தினிருக்கா."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். பிறர் தப்பை மூடிவைக்கவும் ஆண்டவன் சில கைகளைப் படைத்திருக்கிறான். அந்தக் கைகள் பரிமாறியதைத்தான் அன்று அவன் சாப்பிட்டான். பாயிடம் அதைச் சொல்லாமலே மகளோடு ஊர் திரும்பினான்.

அடுத்த வாரம் பொன்னேரியில் முதல் ரயிலைப் பிடித்துத் தனியாக வந்தான். ஓட்டல் இன்னும் திறக்கவில்லை. பின்சந்தில் ராபியாவின் வீடு, கதவு சாத்தியிருந்தது. படியோரம் அவளுடைய வாளி காலியாக இருந்தது. அந்த வாரம் ஏரியில் அகப்பட்டதிலேயே பெரிய நண்டை அதில் இறக்கி, மேலே ஈரச் சாக்குத்துண்டைப் போட்டு மூடினான். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டல் பின்வாசலுக்குப் போய், கதவு திறப்பதற்காக நின்றான்.