வாசலுக்கு வாசல் கயிறு

மணியிலிருந்து கயிற்றைக் கழற்றியது நான்தான். வெர்லின் இல்லை, காற்று இல்லை, நான். அந்தப் புயலில் என் புருஷன் வெர்லினின் உயிர் போகப் பார்த்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வடக்கு டகோட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வந்து, வீடு கிடைக்காமல் சக்கரம் வைத்த வண்டிவீட்டிலேயே குளிர்காலத்தை ஓட்டுகிறவர்கள் நாங்கள். அந்த ஜனவரியில் வண்டிகள் நிறுத்தும் மைதானத்தில் மிஞ்சியது இரண்டே வண்டிகள். ஒன்று எங்களுடையது, முப்பது அடி தள்ளி டெல்மருடையது. புத்தியுள்ளவர்கள் எல்லாரும் தெற்கே ஓடிவிட்டார்கள்.

பனிப்புயல் வந்துவிட்டால் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. அதனால் வாசலுக்கு வாசல் கயிறு கட்டுவோம், பிடித்துக்கொண்டு நடக்க. கூடவே ஒரு மெல்லிய கயிறும் போகும். அதன் இரண்டு முனையும் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து ஆளுக்கொரு மணியில் மாட்டியிருக்கும். மூன்று முறை அடித்தால், 'உயிரோடு இருக்கீங்களா?' பதிலுக்கு மூன்று அடிக்க வேண்டும். விடாமல் அடித்தால், 'உடனே வா.'

டெல்மர் தனியாள், அறுபது வயது, வாய் ஓயாது. புயலின் முதல் நாளே மூன்று தடவை விடாமல் அடித்தான். முதல் தடவை பதறிக்கொண்டு போனால், "சீட்டாட ஆள் இல்ல மார்லிஸ், அதான்" என்றான். இரண்டாவது, சர்க்கரை. மூன்றாவது, "காத்துச் சத்தம் ஒரு மாதிரியா இருக்கு, உங்களுக்கும் கேக்குதா?"

"உனக்கு மண்டைல ஓட்டை, அதான் காத்து அடிக்குது!" என்று கத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் நான்காவது தடவை அடித்தது. விடாமல் அடித்தது.

"போய்ப் பாத்துட்டு வாயேன்" என்றான் வெர்லின்.

"எதுக்கு? உப்பு கேப்பான். புலி வருது, புலி வருதுன்னு எத்தனை தடவைதான் ஓடுறது?" என்று கயிற்றை மணியிலிருந்து கழற்றி, ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே தள்ளினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. வண்டிக்குள் அப்பாடா என்று அமைதி வந்தது.

அன்று சாயங்காலம் கரண்டு போனது. எங்கள் வண்டியின் அடியிலிருக்கும் ஜெனரேட்டரை வெர்லின் உள்ளேயிருந்தே ஸ்விட்ச் போட்டு ஓடவிட்டான். குளிர் ஏறாமலிருக்க, வண்டியின் அடியைச் சுற்றித் தெர்மாகோல் பலகை அடித்து, அதன்மேல் இடுப்பளவு பனியை அள்ளி அப்பியிருந்தான். பனிதான் நல்ல போர்வை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த வேலையைப் பற்றி அவனுக்கு அவ்வளவு பெருமை. சுகமாகத் தூங்கினோம்.

காலையில் மணிச் சத்தம் கேட்டு விழித்தேன். மூன்று அடி. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

தலை பிளந்தது. கண்ணைத் திறக்கவே முடியவில்லை. 'இந்த மனுஷன் விடமாட்டானே' என்று நினைத்தபடி மணியைப் பார்த்தேன். ஆணியில் மணி மட்டும் தொங்கியது. கயிறு இல்லை. நான் கழற்றினபடியே இருந்தது. மணியின் நாக்கு தானாக ஆடிக்கொண்டிருந்தது. என் கண்ணெதிரே அது விடாமல் அடிக்கத் தொடங்கியது.

"வெர்லின், எந்திரி! இங்க பாரு!"

அவன், "தூங்க விடுடி" என்று முனகினான். கன்னம் இரண்டும் சிவந்து, நல்ல ஆரோக்கியமாகத்தான் இருந்தான்.

எழுந்தால் கால் துவண்டது. மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து நடந்தேன். நாலடி போவதற்குள் வாந்தி எடுத்தேன். முகத்தில் குளிர் ஊசியாகக் குத்தியது. டெல்மரின் வாசலை அடையும்போது தலை கொஞ்சம் தெளிந்திருந்தது.

உள்ளேயும் வெளியே போலவே குளிர். அடுப்பு அணைந்து கிடந்தது. டெல்மர் தரையில் மல்லாந்து கிடந்தான், ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. விழுந்து எலும்பு முறிந்து, எழுந்திருக்க முடியாமல் இருந்திருக்கிறான். மெல்லிய கயிற்றை மணிக்கட்டில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தான். தாடியில் பனி பூத்திருந்தது. தொட்டேன். கட்டை. இன்று செத்தவன் இல்லை. நேற்று மத்தியானம் விடாமல் அடித்தானே, அப்போதே விழுந்திருக்கிறான்; நேற்றே போய்விட்டான்.

"டெல்மர்... ஐயோ, டெல்மர்..."

அவனுடைய மணி அடித்தது.

என் தலைக்கு மேலே, சுவரில். விடாமல் அடித்தது. உடனே வா, உடனே வா. அந்தக் கயிற்றின் மறுமுனை எங்கள் ஜன்னலுக்கு வெளியே பனியில் கிடக்கிறது. அங்கே இருப்பது வெர்லின் ஒருவன்தான், அவனோ தூங்குகிறான். ஏன் தூங்குகிறான்? கத்தியும் ஏன் எழவில்லை? கன்னம் ஏன் அப்படிச் சிவந்திருக்கிறது?

ஜெனரேட்டர். அதன் புகைக்குழாய் வண்டியின் அடியில்தான் இருக்கிறது. பலகை அடித்து, பனி அப்பி, அந்த வழியை நாங்களே அடைத்துவிட்டோம். கன்னத்தைச் சிவக்க வைத்தே கொல்லும் அந்த விஷப்புகை, போக வேறு வழியில்லாமல் தரை வழியாக ஏறியிருக்கிறது. குளிரில் பேட்டரி இறங்கி கீச் கீச்சென்று கத்துகிறது என்று விஷப்புகை அலாரத்தைக் கழற்றிப்போட்டதும் இந்த மகராசிதான்.

எப்படித் திரும்பி ஓடினேனோ தெரியாது. ஜெனரேட்டரை நிறுத்தினேன், கதவைத் திறந்தேன், வாணலியால் ஜன்னலை உடைத்தேன். வெர்லினின் கன்னத்தில் மாறி மாறி அறைந்தேன். "செத்துத் தொலைக்காதடா! மூச்சு விடு!" இருந்த போர்வையையெல்லாம் அவன்மேல் போட்டு, நானும் மேலே படுத்துக்கொண்டேன். அரைமணி நேரம் கழித்து இருமினான். நான் ஓவென்று அழுதேன்.

வெகுநேரம் கழித்துத்தான் அவனுக்குப் பேச்சு வந்தது; நான் கயிற்றைக் கழற்றியது அவன் ஞாபகத்திலேயே இல்லை.

"மணி அடிச்சுதே. கனவுல கேட்ட மாதிரி இருந்துச்சு. டெல்மரா?"

"ஆமா."

"பாத்தியா? நீ அவன அவ்வளவு திட்டுற. அவன் மட்டும் அடிக்கலன்னா இன்னைக்கு நாம ரெண்டு பேரும் காலி." என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். "புயல் விட்டதும் சூப் வச்சு எடுத்துட்டுப் போவோம். நீயே உன் கையால குடு. கூப்பிட்டா இனிமே உடனே போகணும், என்ன?"

"போறேன்" என்றேன்.