முழு விசையில் எழும்பிய மூக்கு

“கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா. மூணு மாசம் தரையில இருப்பே. அப்புறம் பழையபடி பறக்கலாம்” என்றார் பயிற்சித் தலைவர்.

தாளில் ஒரே வரி. தரையிறங்காமல் மீண்டும் மேலெழும்பியபோது துணை விமானியான நான் எஞ்சின் விசையைக் குறைத்தது தவறு.

“போட மாட்டேன் சார்.”

“லைசென்ஸ் போயிடும்.”

“போகட்டும். குறைச்சதாலதான் நாப்பது பேரு உசுரோட வீட்டுக்குப் போனாங்க.”

அன்று விமானத்தில் பாதிக்கு மேல் காலி இருக்கைகள்; எடை குறைந்தால் அதே விசை இன்னும் பலமாகத் தூக்கும். இறங்கப் போகும் நேரத்தில் ஓடுபாதையில் ஒரு வண்டி குறுக்கே வந்தது. மீண்டும் மேலெழும்ப முழு விசை கொடுத்தேன். அதற்கு முன்பே, வேகம் குறையக் குறைய, ஆட்டோபைலட் சத்தமில்லாமல் வால் பக்கத்து ட்ரிம்மை, அதாவது மூக்கின் சாய்வைப் பிடித்து வைக்கும் அமைப்பை, திருகி மூக்கை மேல்நோக்கி வைத்திருந்தது. எஞ்சின்களோ இறக்கைக்குக் கீழே தொங்குபவை. அவை உந்தினால் மூக்கு இன்னும் எழும்பும்; அளவு மீறினால் வேகம் செத்து விமானம் விழும். கட்டுப்பாட்டுத் தண்டை இரண்டு கையாலும் முன்னால் தள்ளினேன், அடங்கவில்லை. விசையைக் குறைத்து, ட்ரிம்மை இறக்கிய பிறகுதான் வழிக்கு வந்தது.

“எல்லாரும் எடுத்த பயிற்சிதானே? உனக்கு மட்டும் என்ன கேடு?” என்றார் தலைவர்.

“நம்ம பயிற்சியில எப்பவும் பாரம் முழுசா இருக்கும், ஒரு எஞ்சின் செத்திருக்கும். ரெண்டு எஞ்சினும் ஓட, பாதி காலி விமானத்துல இப்படி மேலெழும்பறதை யாரு சார் செஞ்சா? நீங்க செஞ்சிருக்கீங்களா?”

அவர் முகம் சிவந்தது. “எனக்கே பாடமா? வா சிமுலேட்டருக்கு.”

தரையிலேயே பறப்பதைப் போலச் செய்துகாட்டும் அந்த சிமுலேட்டரின் பொறியாளரிடம் சொன்னேன்: “அண்ணே, அன்னிக்கு இருந்த எடை, அன்னிக்கு இருந்த ட்ரிம். ஒரு புள்ளி மாத்தாதீங்க.”

தலைவர் முழு விசை கொடுத்தார். மூக்கு பதினைந்து டிகிரியைத் தாண்டியது. இருபது. இருபத்தைந்து. வேகம் சரிந்தது. எச்சரிக்கையாகத் தண்டு அவர் கையில் கடகடவென்று உதறியது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, எஞ்சின் நெம்புகோல்களைப் பின்னால் இழுத்தார்.

மூக்கு இறங்கியது.

“விசையைக் குறைச்சிட்டீங்களே சார்.”

அவர் பொறியாளர் பக்கம் திரும்பினார். “யோவ், இந்தப் பதிவை அழிச்சிடு.”

“மாட்டேன் சார்” என்றார் பொறியாளர். “எம் பொண்டாட்டி புள்ளைங்களும் இதுலதான் ஏறிப் போறாங்க.”

“ரெண்டு பேரும் சேர்ந்து ஆடறீங்களா?”

“நான் தனியாவே ஆடுவேன் சார்” என்றேன். “இதை என் பேர் போட்டு விசாரணைக் குழுவுக்கு அனுப்பறேன். லைசென்ஸை எடுக்கணும்னா அவங்க முன்னாடி வந்து எடுங்க.”